அந்தப் பன்னிருவர்

மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ் ஆகிய இருவரைத் தவிர வேறெந்தக் குடிமை உரிமைப் போராளிக்கும் அமெரிக்க அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டதில்லை என்று வெளியாகியிருக்கும் ஒரு வரி சரியன்று. ரோசா பார்க்ஸுக்கு 2013-இல் தபால்தலை வருவதற்கு முன்பே, 2009 பிப்ரவரியில், கறுப்பின அமெரிக்கர்களின் உரிமைகளுக்காகப் போராடும் என்ஏஏசிபி (NAACP) அமைப்பின் நூற்றாண்டையொட்டி, ஒன்றுக்கு இருவர் வீதம் ஆறு தபால்தலைகளில் பன்னிருவர் சிறப்பிக்கப்பட்டனர். 42 சென்ட் மதிப்புள்ள அவற்றுள் ஒன்றில் மெட்கர் எவர்ஸும் ஃபேனி லூ ஹேமரும் அருகருகே இருக்கிறார்கள்: 1963-இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர் எவர்ஸ், 1962-இல் வாக்காளராகப் பதியச் சென்றதற்காகவே, தாம் உழைத்துவந்த தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் ஹேமர். பெரும்பாலும் மேடைக்குப் பின்னாலிருந்தே இயக்கத்தைக் கட்டியெழுப்பிய எல்லா பேக்கர் (Ella Baker) என்ற பெண்மணியும் அந்த வரிசையில் உண்டு. இத்தகையோரின் உழைப்பை மறைத்துவிடும் அந்த வரியைத் திருத்திவிடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.