எனக்கு நானே கொடுத்துக்கொண்ட மாத்திரை

நான் ஒரு மருத்துவர். இரண்டு ஆண்டுகளாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பான்டோப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தேன். நெஞ்செரிச்சலுக்கு. யாரும் எழுதித் தரவில்லை, நானும் சீட்டு எழுதிக்கொள்ளவில்லை. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிகள் வைத்துவிட்டுப் போகும் சாம்பிள் அட்டைகள் மேசை இழுப்பறையில் எப்போதும் கிடக்கும். தீர்ந்துபோனால் கீழே மருந்துக்கடைக்கு ஒரு போன்.

போன மழைக்காலத்தில் பாதங்கள் மரத்துப்போகத் தொடங்கின. நாள் முழுக்க நிற்கிறோம், வயதும் ஆகிறது என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்துவிட்டேன். உடன் படித்த நண்பனிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது, "என்னென்ன மாத்திரை போடுகிறாய்? எத்தனை நாளாக?" என்றான். ஒவ்வொரு நோயாளியிடமும் நான் கேட்கிற கேள்வி! பரிசோதித்தால் ரத்தத்தில் வைட்டமின் பி12 தரை தட்டியிருந்தது. அது குறைந்தால் நரம்புகள் கெட்டுப் பாதம் மரத்துப்போகும். நான் சைவம், பி12 பெரும்பாலும் அசைவத்திலும் பாலிலும்தான் கிடைக்கும். அது போதாதென்று, இந்த மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைப்பதால் உணவிலிருக்கும் கொஞ்சநஞ்ச பி12-உம் சரியாகப் பிரியாது. இதை மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்தியிருக்கிறேன்.

ஆகவே, மருத்துவர் தனக்குத் தானே மருந்து எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். தலைவலிக்குப் பாராசிட்டமால் போடுவதையோ, நள்ளிரவில் மூச்சு இழுக்கும்போது இன்ஹேலரை எடுப்பதையோ சொல்லவில்லை. வாரக்கணக்கில் போடும் எதையும் சொல்கிறேன். தூக்க மாத்திரையும், பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரையான டிரமடாலும் என்றால் ஒரு நாளுக்குக்கூட வேண்டாம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையை உருவாக்கிய நால்வரில் ஒருவரான அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், 1884-இல் கோகைனை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகத் தன் உடம்பிலேயே சோதித்து அதற்கு அடிமையானவர். பிறகு மார்ஃபினுக்கும். அவரைவிடக் கெட்டிக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்?

பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில், தனக்கும் நெருங்கியவர்களுக்கும் மருந்து எழுதுவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. குடும்பத்துக்கு வெளியே ஒரு மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளவும் சொல்கிறது. நம் ஊரில் மருத்துவருக்கு மருத்துவர் யார்? கேன்டீனில் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துபோகும் ஆலோசனைதான். அதில் எனக்கு வசதியானதை மட்டும் சொல்வேன், அவரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்.

இதற்குள் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சக மருத்துவருக்கு இலவசமாகப் பார்ப்பதைப் பெருமையாகக் கருத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிமுறைகளே சொல்கின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் காசு வாங்கமாட்டார் என்பதாலேயே போகக் கூச்சமாக இருக்கிறது. இரண்டாவது முறை போக இன்னும் கூச்சம். கட்டணம் வாங்கிக்கொண்டால் நாங்கள் உரிமையோடு வருவோம்.

சென்ற வாரம் நண்பனின் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பதினேழாம் எண். படுக்கவைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தான். பணத்தை மறுத்தான், மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இரண்டு வருட நெஞ்செரிச்சலுக்கு ஒரு எண்டோஸ்கோப்பி கூடப் பார்க்கவில்லையா என்று திட்டி, சீட்டில் தேதி போட்டுக் கொடுத்திருக்கிறான். வியாழக்கிழமை, வெறும் வயிற்றோடு.