முறுக்குக்கு விஷம் வைத்தது யார்?

எங்கள் வீட்டு நாயின் பெயர் முறுக்கு. வால் சுருண்டிருக்கும், அதனால். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த தமிழர்கள் முறுக்கை ‘மர்க்கூ’ என்பார்கள். ஆக, சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவன் மர்க்கூதான்.

தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை. விருந்தாள் வருவார்களே என்று பின்பக்கத்துச் செடிகளையெல்லாம் வெட்டி ஒரு மூலையில் குவித்தேன். மாலை ஐந்து மணிக்கு முறுக்கு வாந்தி எடுத்தான். நாய் வாந்தி எடுப்பது ஒரு செய்தியா? துடைத்துவிட்டுச் சமையலுக்குப் போய்விட்டேன். ஆறரைக்கு வந்து பார்த்தால் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்குகிறது. நான்கு கால்களும் விறைத்துப்போய் மேசை மாதிரி நிற்கிறான். யாரோ வெளிக் கதவைச் சாத்திய சத்தத்துக்கு உடம்பு மொத்தமும் தூக்கிப் போட்டது.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்து பார்த்த உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். திருடன் விஷம் வைத்துவிட்டான். அவரைக் குறை சொல்ல முடியாது, இந்த நாட்டில் கொள்ளையடிக்க வருகிறவன் முதலில் நாயைக் கொல்வது நடக்கிற கதைதான். அதற்கென்றே ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்தைக் கள்ளத்தனமாக விற்கிறார்கள். தெருவில் அதற்குப் பேர் ‘டூ ஸ்டெப்’. தின்றது இரண்டு அடி தாண்டாதாம். ஆன்ட்டி டார்ச் அடித்து மதிலோரம் இறைச்சித் துண்டு தேடினார். அவர் வீட்டு அங்கிள் ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்தார். நான் எங்கள் ஊர்ப் புத்தியில் உப்புக் கரைசல் கலக்க ஆரம்பித்துவிட்டேன். விஷம் குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் புகட்டுவதைச் சின்ன வயதில் பார்த்தவள் நான்.

நல்லவேளை, என் மகன் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டுக் காரை எடுத்தான். இழுப்பு வருகிற நாயின் வாயில் எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். உப்போ தனி விஷம், ரத்தத்தில் சோடியம் ஏறி அதனாலேயே இழுப்பு வரும். இதெல்லாம் அன்று இரவுதான் எனக்குத் தெரிந்தது.

டாக்டர் ஒரு சின்னப் பெண். கேட்ட முதல் கேள்வியே, “வீட்டில் என்னென்ன செடி இருக்கிறது?” எனக்குக் கோபம். திருடன் விஷம் வைத்திருக்கிறான், இந்தப் பெண் தோட்டக்கலை விசாரிக்கிறாள்! அவர் பதில் பேசாமல் முறுக்கைச் சுற்றிக்கொண்டு போன துண்டை விரித்துக் காட்டினார். வாந்தியில் மிளகை விடச் சற்றுப் பெரிதாக, பழுப்பு நிறத்தில் விதைகள். கூடவே மெல்லாத இலைத் துணுக்கு.

நேற்று-இன்று-நாளைச் செடி. இங்கே ‘யெஸ்டர்டே, டுடே அண்ட் டுமாரோ’ என்று நர்சரிகளில் கிடைக்கும். ஊதாவாகப் பூத்து, மறுநாள் வெளிறி, மூன்றாம் நாள் வெள்ளையாகிவிடும். ஒரே செடியில் மூன்று நிறம். அந்த அழகுக்காகத்தான் வாங்கினேன். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு வெயில் என்று இருந்தது. நாயைப் பற்றி ஒரு வரி இல்லை. அதன் இலை, பூ, காய் எல்லாவற்றிலுமே நரம்பைத் தாக்கும் நஞ்சு உண்டு, ப்ரன்ஃபெல்சமிடின் அதில் ஒன்று. விதையைத்தான் நாய்கள் விரும்பித் தின்கின்றன. பார்க்கிறவருக்கு எட்டிக்கொட்டை விஷம் மாதிரியே இருக்கும், அதே விறைப்பு, சத்தம் கேட்டால் அதே துடிப்பு. மாற்று மருந்து கிடையாது. டயஸெபாம் ஊசி, டிரிப், இருட்டறை, அமைதி, அவ்வளவுதான். ஆல்டிகார்ப் என்றால் அட்ரோபின் கொடுப்பார்கள், அது இதற்கு ஆகாது. நான் திருடன், திருடன் என்று அடித்துப் பேசியதை அந்தப் பெண் நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்துப் பார்த்தேன்.

நான்கு நாள் அங்கேயே கிடந்தான். பில்லைப் பார்த்து எனக்கு இழுப்பு வராத குறை.

வீட்டுக்கு வந்ததும், எல்லோரையும் போல நானும் நெட்டில் நாய்க்கு ஆகாத செடிகளின் பட்டியலைத் தேடினேன். என் ஆத்திரமே இந்தப் பட்டியல்கள் மேல்தான். மணி பிளான்டும் அரளியும் அடுத்தடுத்த வரியில் இருக்கின்றன! மணி பிளான்ட்டைக் கடித்தால் நாய்க்கு வாய் எரியும், எச்சில் வடியும், அடுத்த முறை அந்தப் பக்கம் போகாது. வரவேற்பறைகளில் பெரிய ஓட்டை இலையோடு நிற்கும் ‘டெலிஷியஸ் மான்ஸ்டர்’ செடியும் அதே ரகம். சேப்பங்கிழங்கு அரிந்தவர்களுக்கு அந்த அரிப்பு தெரியும், அதே ஆக்சலேட் ஊசிகள்தான். சோற்றுக்கற்றாழை வயிற்றைக் கலக்கும். இதையும் ஆளைக் கொல்லும் செடியையும் ஒரே தட்டில் வைத்தால் என்ன ஆகும்? படிக்கிறவர் ‘எல்லாமே விஷம்னா எதைத்தான் வைக்கிறது’ என்று பட்டியலையே மூடிவிடுவார். நானும் முன்பு ஒருமுறை அப்படி மூடியவள்தான்.

என்னைக் கேட்டால், டர்பன் வீடுகளில் நாயோடு ஒத்துப்போகாதவை மூன்று. நேற்று-இன்று-நாளை முதலாவது. இரண்டாவது சைக்கஸ், ‘சேகோ பாம்’ என்று வாசலில் ஜோடியாக வைக்கிறோமே, அது. (பேரில்தான் சேகோ. நம் ஜவ்வரிசி மரவள்ளியிலிருந்து வருவது.) இதன் கொட்டை ஒன்றிரண்டே ஒரு நாயைக் கொல்லப் போதும். அதிலுள்ள சைக்கேசின் கல்லீரலை அழிக்கும். முதல் நாள் வாந்தி, அப்புறம் சரியாகிவிட்ட மாதிரி ஒரு தோற்றம், இரண்டு மூன்று நாள் கழித்து மஞ்சள் காமாலை. அந்த நடுநாளில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். சைக்கஸின் உறவான, இந்த நாட்டுக்கே உரிய சைக்கட் இனங்களும் அப்படித்தான். டர்பன் தாவரவியல் பூங்காவில் நிற்கும் பேர்பெற்ற வுட்ஸ் சைக்கட்டில் மட்டும் கொட்டை பயம் கிடையாது. 1895இல் ங்கோயே காட்டில் கண்டெடுத்த அந்த ஒற்றை மரம் ஆண். பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை, எனவே கொட்டைக்கு வழியே இல்லை.

மூன்றாவது அரளி. இங்கேதான் எனக்குச் சிக்கல்.

செவ்வரளியும் சரி, பொன்னரளியும் சரி, நமக்குப் பூஜைப் பூ. காவடிக்கு மாலை கட்ட ஆன்ட்டி என் வீட்டு அரளியைத்தான் பறிப்பார். அரளி விதை என்ன செய்யும் என்று தமிழ்நாட்டில் எந்தப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதயத் துடிப்பைக் குலைத்து நிறுத்திவிடும் என்று பாட்டி காலத்திலிருந்து தெரியும். மனுஷருக்குத் தெரிந்து வைத்திருந்ததை நாய்க்குப் பொருத்திப் பார்க்க மட்டும் தோன்றவில்லை. தென்னாப்பிரிக்க அரசு இந்த இரண்டையும் ஊடுருவிப் பரவும் அயல் செடிகள் பட்டியலில் வைத்திருக்கிறது என்பது இன்னொரு கதை. வெட்டிவிடு என்றான் மகன். கை வரவில்லை. நாய் போகாத முன்வாசலில் ஒன்றே ஒன்று மட்டும், கம்பிவேலிக்குள் நிற்கிறது. வாடிய மாலையை இப்போது உரக்குழியில் போடுவதில்லை. கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடுகிறேன். சரியா தப்பா என்று கேட்டால், பாதி தப்புதான்.

இன்னொன்று. செடியாக நின்றபோது முறுக்கு நேற்று-இன்று-நாளையை ஒரு வருஷம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெட்டித் தரையில் குவித்த அன்றுதான் வாய் வைத்தான். ஆகவே கழித்த கிளையை மாலைவரை போட்டு வைக்காதீர்கள். ரோஜாவுக்குப் போடும் ஆமணக்குப் பிண்ணாக்கையும் வாங்காதீர்கள், அந்த வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும், அதிலுள்ள ரைசின் என்ற நஞ்சு சரியாக நீக்கப்படாதிருந்தால் முடிந்தது. ஏதாவது தின்றுவிட்டதென்று சந்தேகம் வந்தால் அந்தச் செடியின் ஒரு கிளையை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறுங்கள். வாந்தியையும் துடைத்து எறிந்துவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு உதவியது அந்த அழுக்குத் துண்டுதான்.

முறுக்கு நன்றாக இருக்கிறான். கதவுச் சத்தத்துக்கு இன்னும் காதை மட்டும் விறைக்கிறான். ஆன்ட்டி இன்றுவரை திருடன் கட்சிதான், டாக்டருக்கு என்ன தெரியும் என்கிறார். ஆனால் அவர் வீட்டு வேலியோரம் நின்ற நேற்று-இன்று-நாளையைப் போன வாரத்திலிருந்து காணவில்லை. கேட்டேன். வெயிலில் பட்டுப்போய்விட்டதாம்.