மழைக்கு இணைதிறன் பூச்சியமா?
ஒரு வினை நிறைவுபெற எத்தனை பேர் அல்லது பொருள்கள் வேண்டும் என்ற எண்ணிக்கையே மொழியியலில் அதன் இணைதிறன். ‘மழை பெய்வதைச் சொல்லும் வினைக்கு எந்த மொழியிலும் இணைதிறன் 0’ என்று ஒரு கட்டுரை சொல்வது தமிழுக்குப் பொருந்தாது. வேதியியலின் இந்தச் சொல்லை (இலங்கைப் பாடநூல்களில் வலுவளவு) வினைச்சொல்லுக்குப் பொருத்தி விரிவாக எழுதிய மொழியியலாளர் தெனியேர் பிரெஞ்சுக்காரர். அவர் நூல் 1959இல், அவர் இறந்தபின் வந்தது. பிரெஞ்சில் மழை வினையின் எழுவாய் வெறும் ஒப்புக்குச் சப்பாணி, எதையும் சுட்டாது. நம் ‘மழை பெய்கிறது’ என்பதில் மழையே எழுவாய், ஆக 1. வாக்கியத்தில் கண்ணுக்குத் தெரியும் சொற்களை எண்ணினாலும் கணக்கு தப்பும். ‘கொடுத்துட்டேன்’ ஒற்றைச் சொல்தான், ஆனால் கொடுத்தவர், பொருள், பெற்றவர் மூவரும் உள்ளே இருக்கிறார்கள்: 3. ‘நேற்று’, ‘பஸ் ஸ்டாண்டில்’ எல்லாம் எந்த வினையோடும் ஒட்டும், கணக்கில் சேராது. வேதியியலில் இரும்பின் இணைதிறன் 2, 3 என மாறுவதுபோல வினைக்கும் மாறும், ஆனால் வினையின் உருவமும் கூடவே மாறுகிறது: கல் உருள்கிறது, 1, கல்லை உருட்டினான், 2.