பெட்டியில் அச்சிட்ட வேகம் எங்கே போனது?

சென்னை ரிச்சி தெருவில் போன மாதம் 1 டெராபைட் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க்) வாங்கினேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் நொடிக்கு 3,500 மெகாபைட் என்று இருந்தது. தங்கையின் கல்யாண வீடியோ 400 ஜிகாபைட். நகலெடுக்க ஆரம்பித்ததும் பறந்தது. பாதியைத் தாண்டியதும் நொடிக்கு 90 மெகாபைட்! என் பழைய ஹார்டு டிஸ்க்கே இதைவிட வேகமாக எழுதும்.

காரணம் தெரியாமல் இல்லை. நான் வாங்கியது கியூ.எல்.சி. வகை. அதில் தகவலைச் சேமிக்கும் ஒரு நுண்ணிய செல்லுக்குள் 4 பிட்களைத் (0 அல்லது 1) திணிக்கிறார்கள். அப்படி எழுத நேரம் பிடிக்கும், செல்லும் சீக்கிரம் தேயும். அதை மறைக்கக் காலி இடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு 1 பிட் என வேகமாக நிரப்புகிறார்கள். அது நிறைந்ததும் உண்மை வேகம் வெளியே வருகிறது. டிஸ்க் நிறைய நிறைய அந்தப் பகுதியும் சுருங்குகிறது.

தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த 90-ஐயும் பெட்டியில் அச்சிட்டால் என்ன? டிஸ்க் தேயும் முன் அதில் மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்பதைக்கூட உத்தரவாதத் தாளில் பொடி எழுத்தில் தேட வேண்டியிருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், “எல்லாம் ஒன்றுதான் சார்” என்கிறார். வீட்டில் எழுதிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ஆனால் பிரித்த பெட்டியைத் திரும்ப வாங்க மாட்டார்களாம்.