டோனி மாரிசனிலிருந்து தொடங்கலாம்

ஹெமிங்வே, ஸ்டைன்பெக் ஆகியோருக்குப் பிறகு அமெரிக்க நாவல்களில் எதை வாசிக்கலாம் என்று கேட்டிருக்கும் நண்பருக்கு, டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987) நாவலையே முதலில் பரிந்துரைப்பேன். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த மார்கரெட் கார்னர் என்ற பெண், 1856இல் பிடிபடும் தறுவாயில், தன் மகள் மீண்டும் அடிமையாவதைவிட இறப்பதே மேல் என்று எண்ணி அவளைத் தன் கையாலேயே கொன்ற உண்மை நிகழ்வுதான் அதன் வித்து; ஆனால் மாரிசன் அக்கொலையை நேராகச் சொல்லாமல், பல ஆண்டுகள் கழித்து சின்சினாட்டியில் ஒரு வீட்டுக்குள் சிதறல்களாகத் திரும்பிவரும் நினைவுகளின் வழியே சொல்கிறார். ஆகவே தொடக்கப் பக்கங்கள் குழப்பினாலும் தயவுசெய்து கைவிடாதீர்கள். அடுத்து, மெரிலின் ராபின்சனின் 'கிலியட்' (2004). அயோவாவின் சிற்றூர் ஒன்றில், 1956இல், முதிய பாதிரியார் ஒருவர் தன் சிறுவயது மகனுக்கு எழுதிவைக்கும் நெடுங்கடிதம் அது. விறுவிறுப்பை எதிர்பார்ப்பவருக்கு ஏற்றதன்று. நிதானமாக வாசிக்க நேரம் இருக்கும்போது அவசியம் எடுங்கள்.