மேட்டூர் அளவு தெரிகிறது, குழாய்த் தண்ணீரின் தரம் தெரியவில்லை

மேட்டூரில் இன்று எத்தனை அடி என்று கேட்டால் எங்கள் டெல்டாவில் டீக்கடையில் நிற்பவர்கூடச் சொல்லிவிடுவார். 120 அடிக்கு எவ்வளவு குறைவு, வரத்து எத்தனை கன அடி, திறப்பு எத்தனை கன அடி என்று நாள் தவறாமல் செய்தித்தாளில் வருகிறது. அதே காவிரித் தண்ணீர் கொள்ளிடத்து மணலில் இறக்கிய கிணறுகள் வழியாக எங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது. அது குடிக்கத் தகுந்ததா என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு வரி அறிவிப்பு இல்லை.

போன மாதம் ஒருநாள் காலை, தண்ணீர் விட்ட நேரத்தில் ஓர் ஊழியர் எங்கள் தெருக் குழாயடிக்கு வந்தார். சிறிய கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சில சொட்டு விட்டார். எலுமிச்சைச் சாறு கலந்ததுபோல மெல்லிய மஞ்சள் ஏறியது. பெட்டியில் இருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்துவிட்டு, "0.2 இருக்கிறது அக்கா, பரவாயில்லை" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். "போன வாரம் எவ்வளவு தம்பி?" என்றேன். நோட்டை மூடிவிட்டார். "ஆபீஸில் கேளுங்கள் அக்கா." கேட்டேன். வெளியாருக்குக் காட்டுவதில்லை என்றார்கள். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார்.

அந்த 0.2 சாதாரண எண் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரம், கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் குழாயில் வரும்போதும் ஒரு லிட்டரில் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. 100 மில்லிலிட்டரில், மலம் கலந்ததைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. நாள் முழுக்கத் தண்ணீர் ஓடாத குழாயில் அழுத்தம் இறங்கியதும், விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை நீர் உள்ளே கசிகிறது. ஆகவே மேல்நிலைத் தொட்டியில் பார்த்தால் போதாது. கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கிற நாம், கடைசித் தெருவுக்குக் குளோரின் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்க்க வேண்டும்.

கடையில் வாங்கும் கேன் தண்ணீருக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. குழாய்த் தண்ணீருக்கு மேலே சொன்ன 2012 தரம் வழிகாட்டிதான். அந்தத் தரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. அமெரிக்காவில் 1996இல் திருத்திய குடிநீர்ச் சட்டப்படி, ஊருக்குத் தண்ணீர் தருபவர்கள் ஆண்டுதோறும் பரிசோதனை முடிவுகளைப் பயனாளிகளுக்குக் கொடுத்தாக வேண்டும்.

கழிவுநீரும் இதே கதைதான். நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. சுத்திகரித்து வெளியே விடும் நீரில் எவ்வளவு அழுக்கு இருக்கலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்து வாயிலில் நேற்றைய அளவை எழுதிப் போட்டு நான் பார்த்ததில்லை. டெல்டாவில் வாய்க்காலும் ஆறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. மேலே உள்ள ஊர் விடுவதில்தான் கீழே உள்ள ஊர் குளிக்கிறது, மாடு குளிப்பாட்டுகிறது, நாற்று நடுகிறது.

எண்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்கிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. மேட்டூர் மட்டம் இறங்கினால் நாங்கள் பீதியா அடைகிறோம்? குறுவையை விட்டுவிட்டுச் சம்பாவுக்கு ஆயத்தமாகிறோம். குளோரின் குறைவு என்று தெரிந்தால் அன்றைக்குத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்போம். இப்போது சந்தேகத்திலேயே காசுள்ளவர் கேன் வாங்குகிறார். இல்லாதவர் வந்ததைக் குடிக்கிறார்.

புதிதாக ஆய்வகம் கட்டச் சொல்லவில்லை. எண் நோட்டில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே தகவலை வெளியிட வேண்டும் என்கிறது. ரேஷன் கடையில் இருப்பு எழுதிப் போட ஒரு பலகை இருக்கிறதே, அதுபோல ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியடியிலும் ஒரு கரும்பலகை போதும்: தேதி, எந்தத் தெருவில் எடுத்தது, குளோரின் அளவு, கிருமிப் பரிசோதனை முடிவு.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் இதையே மனுவாகக் கொடுக்கப் போகிறேன். எங்கள் தெருவில் இதுவரை பதினொரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.