கைக்காத கைப்பு எதுக்கு?

போன கிழமை ராத்திரி டொரொண்டோவில இருக்கிற அண்ணாவின்ர மகன் வாட்ஸ்அப்பில வந்து, "மாமி, வீட்டில பிட்டர்ஸ் செய்யத் தெரியுமோ உங்களுக்கு? சாப்பிட்டாப் பிறகு வயிறு ஊதிக்கொண்டு கிடக்கு, இங்க சின்னப் போத்தில் ஒண்டு விக்கிறாங்கள், விலையைப் பாத்தாலே வயிறு தானா இறங்கிடும்" எண்டான். படமும் அனுப்பியிருந்தான். பாத்தா ஏதோ வேரையும் தோலையும் அல்கஹோலில ஊறப்போட்டு வடிச்ச சாமான். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசம் இருக்கிற என்ர அண்ணிக்கு இந்தப் போத்திலை எப்பிடி விளங்கப்படுத்தப் போறானோ தெரியேல்ல.

ஆனா அந்தச் சாமானுக்கும் ஒரு மருந்துக் கதை இருக்கு. 1824இல வெனிசுவேலாவில அங்கொஸ்டுரா எண்ட ஊரில சீகெர்ட் எண்ட ஜெர்மன் டொக்டர் ஒருத்தர், ஸ்பெயினிட்ட இருந்து விடுதலைக்குப் போராடின பொலிவாரின்ர ஆமிக்காரரின்ர வயித்துக்காகச் செய்ததுதான் இண்டைக்குக் கொக்டெயிலுக்குச் சொட்டுச் சொட்டா விடுற அங்கொஸ்டுரா பிட்டர்ஸ். 44.7 வீதம் அல்கஹோல். அதில கைக்கிற சாமான் ஜென்ஷியன் எண்ட வேர். எங்கட அம்மம்மாவுக்கு அந்த வேரும் தெரியாது, பொலிவாரையும் தெரியாது, ஆனா அவவும் அந்த டொக்டரும் செய்த வேலை ஒண்டுதான்.

அம்மம்மான்ர கைப்பு இப்பிடி. பங்குனி சித்திரையில முத்தத்து வேம்புக்குக் கீழ வெள்ளைச் சீலையை விரிச்சு விட்டா விடியப் பூ கொட்டிக் கிடக்கும், அதை நிழலில உலத்தி எடுக்கிறது. அதோட வேர்க்கொம்பு, நற்சீரகம், ஓமம், மிளகு கொஞ்சம், காய்ஞ்ச தோடம்பழத் தோல் ஒரு துண்டு. எட்டுச் சுண்டுத் தண்ணி விட்டு ஒரு சுண்டா வத்தும் வரைக்கும் அடுப்பில வைச்சு, வடிச்சு, சாப்பாட்டுக்குக் கால் மணித்தியாலம் முந்தி ஒரு தேக்கரண்டி. ஒரேயொரு தேக்கரண்டி! சீனி கேட்டா அடி விழும், தேன் கேட்டா "தேன் விட்டா நாக்கு ஏமாந்து போகும்" எண்டுவா. மூண்டு நாள் தருவா, நாலாம் நாள் போத்திலைக் கழுவிக் கவிழ்த்து வைச்சிடுவா. இன்னும் கேட்டாலும் தரமாட்டா. பிறகு கொஞ்ச நாளைக்கு ரசமும் வேப்பம்பூ வடகமும் சோறும்தான்.

நாக்கு ஏமாந்து போகும் எண்டு அவ சொன்னதை அப்ப நான் பேய்க்கதை எண்டுதான் நினைச்சனான். இப்ப வாசிச்சா விளங்குது, எங்கட நாக்கில கைப்பைப் பிடிக்கிறதுக்கெண்டே இருபத்தஞ்சு வகை மட்டில வாங்கிகள் இருக்கு, கைச்ச உடன எச்சில் ஊறும், வயிறும் இரைப்பை நீரைச் சுரக்கத் தொடங்கும் எண்டு சொல்லினம், அதாவது சாப்பாடு வரப்போகுதெண்டு வயித்துக்கு முன்கூட்டியே மணி அடிக்கிற மாதிரி. அதே வாங்கிகள் குடலுக்குள்ளயும் இருக்கெண்டு கண்டுபிடிச்சிருக்கினம் எண்டது உண்மைதான், ஆனா வேலை தொடங்கிறது வாய்க்குள்ளதான். அப்ப இங்க வெள்ளவத்தையில கண்ணாடி அலுமாரிக்குள்ள அடுக்கி வைச்சு விக்கிற கைக்காத கைப்புக் கப்சியூல் எதுக்கு? பாவக்காய்க் கப்சியூல், வேப்பிலைக் கப்சியூல், தண்ணியோட விழுங்கினா நாக்குக்கு ஒண்டும் தெரியாது. ஆறாயிரம் ரூபா குடுத்து வாங்கி வந்து "கொஞ்சமும் கைக்காதடி" எண்டு பெருமையாக் காட்டின என்ர சிநேகிதியிட்ட, மாம்பழத்தைக் கப்சியூலில போட்டு விழுங்குவியோ எண்டு கேட்டன், ரெண்டு நாள் கதைக்கேல்ல.

சரி, கப்சியூல் வேண்டாம் நாங்களே அவிக்கிறம் எண்டு வெளிக்கிடுற ஆக்களுக்கும் ஒரு கதை இருக்கு. 100ஆம் நம்பர் பஸ்ஸில ஏறிப் புறக்கோட்டையில இறங்கி கெபோஸ் லேனுக்குள்ள போனா ஒழுங்கை முழுக்க மருந்துச் சரக்குதான், மூக்கு முதல் கடையிலயே நிறைஞ்சிடும், எனக்கு உண்மையா விருப்பமான இடம் அது. ஆனா அங்க போய் "நிலவேம்பு தாங்கோ" எண்டு மட்டும் கேட்டிட்டு வந்திடாதேங்கோ. சிங்களத்தில ஒரே மாதிரிப் பேரில ரெண்டு செடி இருக்கு. பிங்கொஹொம்ப எண்டுறது முன்ரோனியா எண்ட சின்னச் செடி, வேம்பின்ர குடும்பம், மெதுவாத்தான் வளரும், விலை தீயா இருக்கும். ஹீன் பிங்கொஹொம்ப எண்டுறது வேற குடும்பம், அதுதான் அன்ட்ரோகிராபிஸ், நாங்கள் நிலவேம்பு எண்டு சொல்லுறது. மலிவு எண்டபடியா முதலாவதுக்குப் பதிலா ரெண்டாவதைப் போடுறது வழக்கம். ரெண்டும் நல்லாக் கைக்கும், வாயில வைச்சுப் பாத்து நீங்களும் நானும் வித்தியாசம் பிடிக்க மாட்டம். மாறினா பெரிசா ஆபத்து எண்டு நான் சொல்லேல்ல, ஆனா காய்ஞ்சு சுருண்ட பிறகு எல்லா வேரும் எல்லாத் தண்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கும், அதுதான் என்ர பயம். ஈச்சுரமூலி எண்டு ஒரு கொடி, அதின்ர வேரும் கைக்கும், அந்தக் குடும்பத்தில இருக்கிற அரிஸ்டலோகிக் அசிட் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயும் வரும். 1990களில பெல்ஜியத்தில மெலியிறதுக்கெண்டு சீன மூலிகைக் குளிசை குடிச்ச கன பொம்பிளையளுக்குக் கிட்னி போனது இதாலதான், ஒரு வேருக்குப் பதிலா இன்னொரு வேர் மாறி வந்தது தான் காரணம். கைக்குது எண்டதுக்காக ஒண்டு மருந்தாகாது, கன நஞ்சுகளும் கைக்கும், அதுக்காகத்தானே நாக்குக்கு அந்த உணர்ச்சியே வந்தது.

இனி எங்கட வீட்டுக் கதைக்கு வாறன், இதை எழுதிறதே இதுக்காகத்தான். இவருக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தி நெஞ்சுக்குக் கீழ எரிவு. கொழும்பில ஆருக்குத்தான் இல்லை, எல்லாரும் "கேஸ்ட்ரிக்" எண்டு ஒரு சொல்லில முடிச்சிடுவம். நான் அம்மம்மாவின்ர பேத்தி எல்லோ, உடன அடுப்பில வைச்சன். முதல் கிழமை நல்லாக் கிடக்கு எண்டார், எனக்கு ஒரே புளுகம், மாடிவீட்டு மாமிக்கும் ஒரு போத்தில் குடுத்தன். மூண்டு நாளில நிப்பாட்டுற அம்மம்மான்ர கணக்கை மட்டும் மறந்து போனன். மூண்டு மாசம்! எரிவு கூடக் கூட நானும் கூட்டிக் குடுத்தன், தேக்கரண்டி அரைக் கப் ஆகி, மிளகும் வேர்க்கொம்பும் கூடி, கடைசியில ஒருநாள் மலம் கறுப்பாப் போகுது எண்டு மெல்லமாச் சொன்னார். வயித்துக்குள்ள ஸ்கோப் விட்டுப் பாத்தா அல்சர். ஹெலிகோபக்டர் பைலோரி எண்ட கிருமி. ஏற்கனவே அசிட்டால எரியிற புண்ணுக்கு, அசிட்டை ஊற வைக்கிற சாமானை நான் மூண்டு மாசமா நேரம் தவறாமல் குடுத்திருக்கிறன்.

அந்தக் கிருமிதான் அல்சருக்குக் காரணம் எண்டதை ஆரும் நம்பாத காலத்தில, 1984இல ஆஸ்திரேலியாவில பரி மார்ஷல் எண்ட டொக்டர் கிருமியைத் தானே குடிச்சுக் காட்டினவர், 2005இல ரொபின் வொரனோட சேர்த்து நோபல் பரிசு குடுத்தவை. இவர் இப்பவும் பகிடி விடுவார், "அவர் குடிச்சு நோபல் எடுத்தார், நான் குடிச்சு வார்டில படுத்தன்" எண்டு. ரெண்டு கிழமை அன்டிபயோட்டிக்கும் அசிட் குறைக்கிற குளிசையும். சுகம்.

அதுக்காக நான் கைப்பை விடேல்ல. கலியாண வீட்டு மட்டன் பிரியாணிக்குப் பிறகோ தீபாவளிப் பலகாரத்துக்குப் பிறகோ வயிறு மந்தமாக் கிடந்தா அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி ஒரு தேக்கரண்டி, இப்பவும் எடுக்கிறனான். மூண்டு நாளுக்கு மேல போகாது. கறுப்பாப் போறது, மெலியிறது, விழுங்கேலாமல் வாறது, திரும்பத் திரும்பச் சத்தி, இதில ஒண்டு இருந்தாலும் அடுப்பை மூட்டாமல் டொக்டரிட்ட போங்கோ. சலரோகத்துக்குக் குளிசை போடுறவை கூடக் கவனம், முக்கியமா மரமஞ்சள், அதுதான் வெனிவெல், அதில இருக்கிற பெர்பெரின் தானும் சீனியை இறக்கும், குளிசையும் இறக்கும், ரெண்டும் சேந்தா தலை சுத்தி விழ வேண்டியதுதான். பிள்ளைத்தாச்சியளுக்கு இந்தக் கைப்பு வேண்டாம். பாலகருக்குப் பூச்சி எண்டு சொல்லி வேப்பெண்ணெய் பருக்கிற வேலையைத் தயவுசெய்து செய்யாதேங்கோ, வலிப்பு வந்து செத்த பிள்ளையள் இருக்கு. பூ வேற, எண்ணெய் வேற.

மருமகனுக்கு என்ன எழுதினன் எண்டு கேப்பியள். வேப்பம்பூ அங்க கிடைக்காட்டிப் பரவாயில்லை, வெந்தயமும் தோடம்பழத் தோலும் நற்சீரகமும் வேர்க்கொம்பும் தமிழ்க் கடையில கிடைக்கும், அதை வத்தக் காய்ச்சி ஒரு தேக்கரண்டி குடி, அல்கஹோல் தேவையில்லை, ஃபிரிட்ஜில வைச்சா மூண்டு நாள் கிடக்கும், அதுக்குப் பிறகு ஊத்திப்போடு எண்டு எழுதினன். அதோட, ராத்திரி பதினொரு மணிக்குப் பீட்சா சாப்பிட்டிட்டு உடன படுக்கிறாய் எண்டு அம்மா சொன்னவ, அதுக்கு என்னட்ட மருந்தில்லை எண்டும் எழுதினன். நீல டிக் விழுந்திட்டுது, பதில் இன்னும் வரேல்ல.

அது கிடக்கட்டும். இந்தப் பதிவைப் பாக்கிற ஆராவது யாழ்ப்பாணத்தால இந்த மாசம் கொழும்புக்கு வாறதா இருந்தா இன்பொக்ஸில சொல்லுங்கோ. ஒரு பை வேப்பம்பூ வேணும், நிழலில உலத்தினது. இங்க கடையில வாங்கினதில பாதி காம்பு, மிச்சம் தூசி.